பன்னிரண்டாம் கட்டத்து வள்ளல்

மேசா, அரிசோனா
பிப்ரவரி 9, 2024

மதிப்பிற்குரிய திரு. வெண்டல் ப்ரூக்னர் அவர்களுக்கு,

தங்கள் பனி அள்ளும் ஷவல் தொழிற்சாலையில் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து, சென்ற டிசம்பரோடு ஓய்வு பெற்ற ஃபோர்மன் ஆர்லன் டெல்வோ எழுதிக்கொள்வது. தாங்கள் அனுப்பிய, சென்ற வருஷத்துக்கான டபிள்யூ-2 சம்பளத் தாள் கிடைத்தது. அது சம்பந்தமாகத் தங்களுக்கு

அட, போதும். இதற்கு மேல் எனக்கு வரவில்லை. மூன்றாம் வகுப்பில் உன் நாற்காலியில் பசை தடவியவன் நான். உனக்கு எதற்குத் "தாங்கள்"?

வெண்டல், பதினாறு மாசமாக உன்னோடு பேசுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். வேலை விஷயத்தைக்கூட, சம்பளக் கணக்குப் பார்க்கும் நோரீன் கையில் துண்டுச்சீட்டு கொடுத்துத்தான் உனக்கு அனுப்பினேன். என் பிரிவு விருந்துக்கும் வரவில்லை. கேக் வாங்கியிருந்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் எழுதியிருந்த என் பெயரை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. இப்போது, குளிர்காலம் முடியும்வரைக்கும், பனியே பெய்யாத ஊரில், மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெய்லரில், அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் பனி ஷவல் செய்தவன் உன்னைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்று காலை வருமான வரிப் படிவம் எழுத உட்கார்ந்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் கம்ப்யூட்டரில் செய்கிறவன் இல்லை. நூலகத்தில் படிவம் வாங்கி, பென்சிலைச் சீவி, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து எழுதுவேன். உன் தாளில் பன்னிரண்டாம் கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. டபிள்யூ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் 4,400. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று தேடினால், மருத்துவச் சேமிப்புக் கணக்கில் முதலாளி போட்ட பணம் என்று இருக்கிறது.

முதலாளி போட்டது. நாலாயிரத்து நானூறு டாலர்.

டேய், பதினாறு மாசம் முன்பு, அந்த அக்டோபரில் நீ கான்டீன் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "புத்தாண்டிலிருந்து இன்ஷூரன்ஸ் மாறுது. ஆஸ்பத்திரி பில்லுல முதல் மூவாயிரம் உங்க கையிலிருந்து. ஆனா ஆளுக்கொரு மருத்துவச் சேமிப்புக் கணக்கு தொறக்கறோம், அதுல கம்பெனியும் கொஞ்சம் போடும்." நான் கத்தினேன். "கொஞ்சம்னா என்னடா கொஞ்சம்? உங்கப்பா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாரா?" நீ தொகையைச் சொல்வதற்குள் கதவை அறைந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாகன நிறுத்தத்திலேயே உன் நம்பரை என் போனில் தடுத்தும் வைத்தேன். ஆறு மாசம் கழித்து என் வலது முழங்காலை மாற்றினார்கள். மூவாயிரமும் என் தலையில் விழுந்தது. அந்த மருத்துவக் கணக்கின் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டினேன், ஒவ்வொரு தேய்ப்புக்கும் உன்னைத் திட்டினேன்.

நீ பாட்டுக்கு வாயே திறக்காமல் நாலாயிரத்து நானூறு போட்டிருக்கிறாய்!

நன்றி. எழுதிவிட்டேன். பென்சிலில் எழுதினாலும் அழிக்கப் போவதில்லை.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். தடுத்த நம்பரை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. மகளைக் கேட்டால் காரணம் கேட்பாள். அதனால் தபால்.

ஆர்லன்

---

எல்ம் பாயிண்ட், விஸ்கான்சின்
பிப்ரவரி 17, 2024

அன்புள்ள ஆர்லன்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஆபீஸ் தபாலை நோரீன்தான் பிரிப்பாள் என்பது உனக்குத் தெரியும். பிரித்தாள், படித்தாள், என் மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். "நல்ல கடிதம்" என்றேன். "ஆமா, ரொம்ப நல்ல கடிதம்" என்றாள். அதற்குப் பிறகும் நின்றாள்.

நீ எழுதியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வரவில்லை. சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தத் தொகையைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. அதை விடு.

இங்கே இந்த வருஷம் குளிர்காலமே வரவில்லை. ஜனவரியில் ஒரு வாரம் பனி கொட்டியது, அப்புறம் புல் தெரிகிறது. ஏரி உறையவே இல்லை. பனிக்கட்டி மேல் இழுத்துப் போய் வைக்கிற நம் மீன்பிடிக் குடிசையைக் கரையிலிருந்து இறக்கக்கூட முடியவில்லை. கிடங்கில் ஒன்பதாயிரம் ஷவல் நிற்கிறது. கடைக்காரர்கள் போன் செய்தால் என்னை ஆறுதல்படுத்தத்தான் செய்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். என் நம்பரைத் தடுத்தது அந்த அக்டோபரிலேயேதானா? அன்றைக்கேவா? அதற்குப் பிறகு நடுவில் எப்போதாவது திறந்தாயா? ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

உன்,
வெண்டல்

---

மேசா
பிப்ரவரி 26, 2024

டேய் வெண்டல்,

"அதில் பெரிதாக ஒன்றுமில்லை"யாம்! கொடுத்ததை ஒத்துக்கொள்ளக்கூட உனக்கு வெட்கம். உங்கப்பாவும் இப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு வான்கோழியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

சும்மா இருக்க முடியவில்லை. பிரஸ் மெஷின் குர்ட்டுக்குப் போன் போட்டேன். "டேய், உன் சம்பளத் தாளுல பன்னிரண்டாம் கட்டத்தைப் பார்த்தியா?" என்றேன். "இல்லையே, அதை யாரு பார்க்கறா?" என்றான். "பாருடா, பார்த்துட்டு அந்த மனுஷன் கையைப் பிடிச்சு நாலு வார்த்தை சொல்லு" என்றேன். பத்து நிமிஷத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். அவன் தாளில் மூவாயிரத்து இருநூறாம்.

நம்பரை அன்றைக்கேதான் தடுத்தேன், திறக்கவே இல்லை. எதற்குக் கேட்கிறாய்?

ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டே இருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஆபரேஷன் அன்றைக்கு நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் அரிசோனாவில், எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்? மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் சுற்றிப் பார்த்தேன். நர்ஸும், 'சீக்கிரம் குணமாகு' என்று எழுதிய ஒரு பலூனும்தான் இருந்தார்கள். பலூன் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தது. சண்டை வேறு, முழங்கால் வேறு, அதற்காவது வந்திருக்கலாமே என்று வருஷம் முழுக்கக் குமுறிக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. நீ ஆளாக வராமல் பணமாக வந்திருக்கிறாய். அதுவும் ஒரு வகைதான்.

இன்னொரு நல்ல செய்தி. என் இடது முழங்காலும் இப்போது பாட ஆரம்பித்துவிட்டது. பணத்துக்குப் பயந்து தள்ளிப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கில் நான் மாசாமாசம் கட்டிய முன்னூறு, வருஷத்துக்கு 3,600. நீ போட்டது 4,400. போன முழங்காலுக்குப் போனது மூவாயிரம். ஆக ஐயாயிரம் மீதி இருக்க வேண்டும். கணக்கை இணையத்தில் திறந்து பார்க்கக் கடவுச்சொல் மறந்துவிட்டது, ஆனால் கூட்டல் கழித்தல் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் மே மாசத்தில் மாற்றிவிடலாம் என்று டாக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காலுக்கு உன் பெயரை வைக்கலாம் என்று யோசனை.

ஆர்லன்

---

எல்ம் பாயிண்ட்
மார்ச் 5, 2024

அன்புள்ள ஆர்லன்,

குர்ட் வெள்ளிக்கிழமை என் அறைக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, நான்கு பவுண்டு மான் தொத்திறைச்சியை மேசையில் வைத்தான். அவனே சுட்ட மான். "ஒண்ணும் சொல்ல வேணாம் வெண்டல், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை பெயிண்ட் பகுதியிலிருந்து ஒரு ஊறுகாய் ஜாடி வந்தது. கான்டீனுக்குள் நுழைந்தால் சிரிக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராக. முப்பது வருஷ முதலாளித்தனத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

நோரீன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தொத்திறைச்சியில் ஒரு துண்டு நீட்டினேன், வேண்டாம் என்றாள். "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். என்ன சொல்வது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆர்லன், உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான்கு தடவை எழுதி நான்கு தாளையும் கிழித்துவிட்டேன். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

வேண்டாம், இன்னும் இரண்டு நாளில் நிதானமாக எழுதுகிறேன். இன்றைக்கு லாரிக்காரன் வாசலில் நிற்கிறான். வரிப் படிவத்தை அதற்குள் அனுப்பிவிடாதே. ஆபரேஷன் தேதியையும் உறுதி செய்யாதே. கொஞ்சம் பொறு.

நம்பர் விஷயம் தெரிந்துகொண்டேன். சரி. அப்படியானால் நீ ஒன்றையும் கேட்டிருக்க மாட்டாய். நல்லது. இல்லை, நல்லது இல்லை. சரி, விடு.

உன்,
வெண்டல்

---

மேசா
மார்ச் 14, 2024

அடேய் வள்ளலே,

இரண்டு நாளில் எழுதுகிறேன் என்றாய், ஒன்பது நாள் ஆகிவிட்டது. நீ ஆர்டர் அனுப்புகிற வேகம் மாறவே இல்லை.

நான் பொறுக்கவில்லை. வேலையை முடித்துவிட்டேன். மருத்துவக் கணக்குக்கென்றே தனியாக 8889 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை மூன்று இரவு, இல்லை பொய், மூன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாம் வரியில் நான் போட்டது: 3,600. சம்பளச் சீட்டுகளை வைத்துக் கூட்டினேன். ஒன்பதாம் வரியில் நீ போட்டது: 4,400. மொத்தம் எட்டாயிரம்.

அங்கேதான் சிக்கல். என் வயசுக்காரன், தனியாள், ஒரு வருஷத்தில் 4,850 வரைதான் அந்தக் கணக்கில் போடலாமாம். நாம் இருவரும் சேர்ந்து 3,150 அதிகமாகப் போட்டுவிட்டோம். அதற்கு நூற்றுக்கு ஆறு அபராதம். 189 டாலர்!

முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரித்துவிட்டேன். வெண்டல் ப்ரூக்னர் தாராளமாகக் கொடுத்து, அதற்காக எனக்கு அபராதம் விழுந்தது என்று நம் ஊரில் சொன்னால் எவனாவது நம்புவானா? ஏரிக்கரை மதுக்கடையில் இந்தக் கதைக்காகவே எனக்கு ஆறு மாசம் பிராந்தி இலவசமாகக் கிடைக்கும்.

அதனால் சந்தோஷமாகக் கட்டுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் மனசாரக் கட்டுகிற முதல் அபராதம் இதுதான். காசோலை எழுதி உறையில் வைத்தாகிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுவேன். மே பதினாலாம் தேதி ஆபரேஷன். அதையும் உறுதி செய்துவிட்டேன்.

லாரிக்காரன் போய்விட்டானா? என்னடா அந்த விஷயம்? உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

ஆர்லன்

---

எல்ம் பாயிண்ட்
மார்ச் 18, 2024
(மறுநாளே சேரும் விரைவுத் தபால். முப்பது டாலர். நோரீன் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள், கம்பெனிக் கணக்கில் போட விடவில்லை.)

ஆர்லன்,

அந்த உறையைத் தபாலில் போடாதே.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. விஷயம் இதுதான். அந்த நாலாயிரத்து நானூறு நான் கொடுத்ததில்லை. அதில் மூவாயிரத்து அறுநூறு உன்னுடையது. மாசாமாசம் உன் சம்பளத்திலிருந்து பிடித்த அதே முன்னூறுதான். வரி பிடிப்பதற்கு முன்பே எடுத்து நாங்கள் கட்டுவதால், சட்டம் அதையும் முதலாளி போட்டதாகவே சேர்த்து எழுதச் சொல்கிறது. ஊரில் எல்லாருடைய தாளும் அப்படித்தான். தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறது. நீ முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டாய். நாம் ஷவல் பிடியில் ஒட்டுகிற எச்சரிக்கைத் துண்டை இத்தனை வருஷத்தில் யாராவது படித்திருக்கிறார்களா? அது மாதிரிதான்.

நான் கொடுத்தது எண்ணூறு. அவ்வளவுதான்.

உண்மையை முழுசாகவே சொல்கிறேன். அந்த நாற்காலி மேல் ஏறும்போது என் கையிலிருந்த காகிதத்தில் ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு என்று இருந்தது. நீ கத்திவிட்டுப் போன அடுத்த வாரம் பெயிண்ட் மெஷின் உடைந்தது. எண்ணூறு ஆக்கினேன். மெஷின் மேல் பழி போடலாம். ஆனால் உன் மேல் இருந்த ஆத்திரமும் அதில் கொஞ்சம் இருந்தது. உன் ஒருத்தன் மேல் கோபித்துக்கொண்டு நாற்பது பேருக்குக் குறைத்தவன் நான். நீ கான்டீனில் என்னைத் திட்டியது சரிதான்.

நீ முதல் கடிதம் எழுதினாயே, அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே என்று ஒரு மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினாறு மாசத்துக்கு அப்புறம் நீ என்னை "டேய்" என்று கூப்பிட்டாய். அது போய்விடும் என்று பயந்தேன். ஆபீஸில் எல்லாரும் என்னை வெண்டல் என்கிறார்கள், பாங்கில் மிஸ்டர் ப்ரூக்னர் என்கிறார்கள். "டேய்" என்று கூப்பிட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

ஆனால் நீ செய்யாத தப்புக்கு அபராதம் கட்டுகிறாய், அதையும் சிரித்துக்கொண்டே கட்டுகிறாய் என்று படித்ததும் எனக்குத் தொத்திறைச்சி இறங்கவில்லை.

இன்று காலை கான்டீனில் அதே நாற்காலி மேல் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரும் ஜனவரியிலிருந்து ஆயிரத்து ஐநூறு என்றும் சொன்னேன். அடுத்த குளிர்காலமும் இப்படியே இருந்தால் எங்கிருந்து கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் சொன்னது சொன்னதுதான். மீதித் தொத்திறைச்சியைக் குர்ட்டிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "ஒரு பவுண்டு குறையுதே" என்றான்.

இனி நீ என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

வெண்டல்

ஆர்லன், இது நோரீன். இந்த மனிதரைப் பேச வைக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். 8889 படிவத்தில் இரண்டாம் வரியை அழித்துப் பூஜ்யம் போடுங்கள். நீங்கள் பாங்கிலிருந்து தனியாக எடுத்துக் கட்டியது எதுவும் இல்லை. ஒன்பதாம் வரியில் 4,400 அப்படியே இருக்கட்டும். உங்கள் வரம்பு 4,850, அதற்குள்தான் இருக்கிறீர்கள். அபராதம் கிடையாது. சம்பளக் கட்டத்திலேயே அந்த 3,600 கழித்துத்தான் எழுதியிருக்கிறேன், அதனால் மறுபடி எங்கேயும் கழிக்காதீர்கள். கணக்கில் மீதி ஐயாயிரம் இல்லை, ஆயிரத்து நானூறு. கடவுச்சொல் மறந்தால் என்னைக் கேட்டிருக்கலாம். முக்கியமாக ஒன்று: மே மாசம் எதற்கு? ஆகஸ்டில் உங்களுக்கு அறுபத்தைந்து. முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ் வந்துவிடும். முழங்காலை அதற்குப் பிறகு மாற்றினால் பெரும்பகுதியை அது பார்த்துக்கொள்ளும், உங்கள் பங்குக்கு இந்த ஆயிரத்து நானூறு உதவும். கேக்கில் உங்கள் பெயரை நான்தான் தின்றேன்.

---

மேசா
மார்ச் 30, 2024

டேய்,

முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டாயா? சரி, இனி நிம்மதியாக மேலே படி.

உன் விரைவுத் தபால் வந்தபோது மகளும் வீட்டில் இருந்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டாள். படித்ததும் எனக்கு முதலில் காது சுட்டது. உன் மேல் இல்லை, என் மேல். சொந்தப் பணத்தைப் பார்த்து அடுத்தவனுக்கு இரண்டு பக்கம் நன்றி எழுதியவன் இந்த மாநிலத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. அடைப்புக்குறிக்குள், எறும்பு சைஸில் இருக்கிறது.

அப்புறம் கொஞ்சம் கோபம் வந்தது. எண்ணூறா? என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். என் மேல் இருந்த ஆத்திரத்தில் குர்ட்டுக்கும் குறைத்தாயே, அதற்கு உன்னை உதைக்க வேண்டும். ஒரு கால்தான் சரியாக இருக்கிறது, வந்து அதாலேயே உதைக்கிறேன்.

ஆனால் வெண்டல், முப்பத்தொன்பது வருஷத்தில் "நீ சொன்னது சரி" என்று நீ என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எண்ணூறு டாலருக்கான நன்றி உனக்கு அப்படியே நிற்கிறது. மீதி மூவாயிரத்து அறுநூறுக்கான நன்றியைத் திரும்ப எடுத்து எனக்கே கொடுத்துக்கொண்டேன். நோரீன் சொன்னபடி இரண்டாம் வரியை அழித்துப் பூஜ்யம் போட்டேன். மூன்று தடவை அழித்ததில் தாளே கிழிந்துவிட்டது. மறுபடி நூலகம், மறுபடி படிவம். காசோலையைக் கிழித்தேன். வரிப் படிவம் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. டாக்டரிடம் பேசி, மே மாசத்தை செப்டம்பராக்கிவிட்டேன்.

இதையெல்லாம் உன்னிடம் வாயால் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் நேற்று போன் கடைக்குப் போனேன். மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். "தாத்தா, நம்பரைத் திறந்துட்டேன். ஆனா இவரு உங்களுக்கு நெறைய குரல் செய்தி விட்டிருக்காரு. தடுத்த நம்பர்லேர்ந்து வர்றது எல்லாம் தனியா ஒரு மூலையில சேர்ந்துடும், உங்களுக்குத் தெரியாது. அழிக்கட்டுமா?" என்றாள்.

அழிக்க வேண்டாம் என்றேன்.

மொத்தம் பதினொன்று. கடைக்கு வெளியே வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். முதல் மூன்றில் நீ என்னைத் திட்டுகிறாய், அதெல்லாம் நியாயம்தான். நாலாவதில் ஏரியில் இருக்கிறாய், தனியாகக் குடிசையை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, மீன் கடிக்கவில்லை என்று எனக்குச் சொல்கிறாய். அப்புறம் ஏழாவது. போன வருஷம் ஏப்ரல் பதினெட்டு, காலை ஆறு பத்து.

"ஆர்லன், நான்தான். ஆஸ்பத்திரிக் கீழ் மாடியில காப்பி மெஷின் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். பாவி மெஷின் காசை முழுங்கிடுச்சு, காப்பி வரல. நீ கோவமா இருக்கே, தெரியும். மேல வரட்டுமா, வேணாமான்னு நீயே சொல்லு. கண்ணு முழிச்சதும் கூப்பிடு. நான் இங்கதான் இருப்பேன்."

எட்டாவது மத்தியானம். "இன்னும் இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான். ஒன்பதாவது சாயங்காலம் நாலு நாற்பதுக்கு. "நர்ஸைக் கேட்டேன், நல்லா முடிஞ்சுதாம், கண்ணு முழிச்சு ஜெல்லி சாப்பிட்டியாம். நீ கூப்பிடல. பரவாயில்ல. நான் கிளம்பறேன்."

நான் கதவைப் பூட்டிக்கொண்டு, வருஷம் முழுக்க நீ வரவில்லை என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். நீயும் நான் கூப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாசம் நான் அந்தப் பலூன் கதையை எழுதியபோதுகூடச் சொல்லவில்லை. செய்யாததற்கு நன்றி வாங்கிக்கொண்டு ஒரு மாசம் வாயை மூடியிருந்தவன், செய்ததற்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் எடுத்தேன். போனில் சொன்னால் "அதை விடு" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால் மறுபடி பென்சில்.

பத்தரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து அந்தச் சம்பளத் தாளை மறுபடி எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன். அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

ஏப்ரல் இருபதாம் தேதி ஊருக்கு வருகிறேன். குடிசைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், நீ அடித்த பச்சை கண்ணை உறுத்துகிறது. ஆபரேஷன் செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை கேட்டுக்கொண்டு நிற்காதே, நேரே மேலே வா.

சில்லறை நிறையக் கொண்டு வா. அந்த மெஷினை இன்னும் சரி செய்யவில்லையாம், டாக்டர் ஆபீஸில் விசாரித்துவிட்டேன்.

ஆர்லன்